என் மேஜையில் பச்சை, பெங்களூரில் சிவப்பு

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் லேத் ஷெட் வைத்திருந்தவர்களில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கி மேஜைமேல் வைத்தவன் நான்தான். இன்ஜினியரிங் படித்தவர்கள் ஷெட்டிலெல்லாம் அப்போது கார்பன் பேப்பர் வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். என் ஷெட்டில் ப்ளைவுட் தடுப்பு போட்ட தனி அறை, அதற்குள் கம்ப்யூட்டர், வாசலில் 'செருப்பைக் கழற்றவும்' என்று ஒரு அட்டை. பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைதான் என் சிநேகிதன் பாயை என்னிடமிருந்து பிரித்தது. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுபதுகளின் நடுவில், நாகரசம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பேண்ட்டோடு ஓசூருக்கு வந்தேன். தொழிற்பேட்டையில் அப்போதுதான் கம்பெனிகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. ஒரு கம்பெனியில் ஹெல்ப்பர் வேலை கிடைத்தது. அதே நாள், அதே வரிசையில், எனக்குப் பின்னால் நின்று வேலைக்குச் சேர்ந்தவன் பாய். கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்து நொடித்துப்போன குடும்பம். இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கினோம், ஒரே ஸ்டவ்வில் சமைத்தோம். நான் மெஷின் சத்தத்தைக் கேட்டே டூல் மழுங்கியிருக்கிறதா என்று சொல்வேன். இரண்டே வருஷத்தில் என்னை ஆபரேட்டர் ஆக்கினார்கள், அப்புறம் மேஸ்திரி. பாய்க்கு மெஷின் வரவில்லை. ஆனால் சரக்கு ஏற்றுவது, கட்டுவது, நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று வந்துவிட்டால் அவனுக்கு ஈடு யாரும் இல்லை. நான் வேலையை விட்டு ஒரு பழைய லேத்தை வாங்கித் தனியாகப் போட்டபோது, "நீ போறதானா நான் மட்டும் இங்க யாரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கறது?" என்று அவனும் கூடவே வந்துவிட்டான். ஒரு லேத் எட்டானது. டெம்போவும் வாங்கினேன். டெம்போவுக்குப் பொறுப்பு பாய். எல்லார் முன்னாலும் என்னை "மேஸ்திரி" என்பான். தனியாக இருந்தால் வாடா போடாதான்.

எங்கள் வேலை இதுதான். பெங்களூரில் ஹெட் ஆபீஸும் ஓசூரில் ஃபேக்டரியும் உள்ள ஒரு பெரிய கம்பெனி எங்களுக்கு வார்ப்புத் துண்டுகளைக் கொடுக்கும். நாங்கள் அவற்றைக் கடைந்து, துளை போட்டு, மூன்று வேலை நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாரம் இரண்டு லோடு. செவ்வாய்க்கிழமை எடுத்து வந்ததைச் சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, அப்போதே அடுத்ததை எடுத்து வருவோம். சனிக்கிழமை எடுத்தது செவ்வாய்க்கிழமை போகும். நடுவில் வெள்ளிக்கிழமை வேலை கிடையாது. மின்சார வாரியம் தொழிற்பேட்டையை லைன் லைனாகப் பிரித்து, ஒவ்வொரு லைனுக்கும் வாரத்தில் ஒரு நாள் கரண்டை நிறுத்தும். எங்கள் லைனுக்கு வெள்ளி. அதனால் ஊரே ஞாயிற்றுக்கிழமை படுத்துத் தூங்கும்போது நாங்கள் லேத் ஓட்டுவோம், வெள்ளிக்கிழமை பூட்டிவிடுவோம். பாய்க்கு அதில் ரொம்ப சந்தோஷம். குளித்துவிட்டு வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு ஜும்மா தொழுகைக்குப் போவான். "பாய்க்காக கரண்ட் ஆபீசே லீவு வுட்டுருக்குதுடா" என்று லேத்காரர்கள் கிண்டல் செய்வார்கள். "பின்ன? மேல இருக்கறவன்கிட்ட மனு குடுத்து வாங்கினதுடா" என்பான் இவன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்தக் கம்பெனிக்கு ஓர் ஆசை வந்தது. சரக்கு எப்போது போகிறது, எப்போது திரும்பி வருகிறது என்பதை எல்லாம் டெலிபோன் லைன் வழியாகக் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டுமாம். நேரத்துக்கு வந்த லோடு பச்சை எழுத்தில், தாமதமாக வந்தது சிவப்பு எழுத்தில். பக்கத்தில் கொண்டுவந்தவர் பெயர். அதற்கான ப்ரோகிராமை எழுதிக் கொடுக்கும் வேலை என் மனைவியின் தம்பிக்குக் கிடைத்தது. கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவன், கெட்டிக்காரன். உட்கார்ந்து எழுத இடமும் மெஷினும் நான் கொடுத்தேன். கம்பெனிக்காரர்கள் முதலில் ஒரே ஒரு ஷெட்டை வைத்துச் சோதித்துப் பார்ப்பதாகச் சொன்னபோது, "என் ஷெட்டை வெச்சே பாருங்க" என்று மார்தட்டியவனும் நான்தான்.

"இது எழுதிப் பாக்கற மெஷின் மாமா" என்று மச்சினன் எனக்கு விளங்கும்படி சொன்னான். "இங்க ஓட்டிப் பாத்து எல்லாம் சரியா இருந்தா, ஃப்ளாப்பியில எடுத்துட்டுப் போயி பெங்களூர் ஹெட் ஆபீஸ் மெஷின்ல ஏத்திருவேன். நெஜமான வேலை அங்கதான் நடக்கும்."

"அதாவது இது ட்ரயல் பீஸ், அது மொத்த லாட்."

"அதேதான் மாமா."

ஒரு நாள் மத்தியானம், திரையில் என் ஷெட்டின் விவரங்களைத் திறந்து வைத்துவிட்டு அவன் சாப்பிடப் போனான். பெயர், விலாசம் எல்லாம் சரியாக இருந்தது. வார விடுமுறை என்ற இடத்தில் ஞாயிறு என்றிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எட்டு லேத்தும் ஓடுகிற ஷெட்டைப் பற்றி இந்த மெஷின் இப்படியா சொல்வது? அவன் செய்ததைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கொஞ்சம் கை வந்திருந்தது. ஒற்றை விரலால் தட்டி, பட்டியலில் வெள்ளி என்பதைத் தேடிப் பிடித்து மாற்றிவிட்டேன். வெளியே வந்து எட்டு லேத்துக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "கம்ப்யூட்டருக்கே வேலை சொல்லிக் குடுத்துட்டு வரன்டா!"

"என்னா சொல்லிக் குடுத்த மேஸ்திரி?" என்றான் பாய்.

"வெள்ளிக்கெழம லீவுன்னு."

"அப்ப அதுவும் நம்ம ஆளுதான். குல்லா ஒண்ணு வாங்கிப் போட்டுரு."

எல்லாரும் சிரித்தார்கள். மச்சினன் திரும்பி வந்தபோது நான் இதை அவனிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு மாதம் என் மேஜையிலேயே ஓட்டிப் பார்த்தோம். எல்லா லோடும் பச்சை. மச்சினன் ஃப்ளாப்பிகளை எடுத்துக்கொண்டு பெங்களூர் போய் ஏற்றிவிட்டு வந்தான். அடுத்த வாரமே ஹெட் ஆபீஸ் மேனேஜர் போன் செய்தார். "ஏன் சுவாமி, முதல் லோடே ஒரு நாள் லேட்டு?"

அந்த வாரம் மட்டுமல்ல. சனிக்கிழமை போகிற லோடெல்லாம் பெங்களூரில் சிவப்பு. செவ்வாய்க்கிழமை போகிறது பச்சை, அதிலும் ஒரு நாள் முன்னதாகவே வந்ததாகக் காட்டியது. அதே லோடுகளை என் மேஜையில் இருந்த மெஷினில் ஏற்றினால் இரண்டும் பச்சை, சொன்ன நாளுக்குச் சரியாக. மச்சினன் மண்டையைப் பிய்த்துக்கொண்டான். கடிகாரம் தப்பா என்று பார்த்தான். டெலிபோன் லைனில் ஏதாவது விட்டுப்போகிறதா என்று பார்த்தான். இரண்டு முறை பெங்களூர் போய் ப்ரோகிராமை மறுபடி ஏற்றினான். காகிதத்தில் அச்சடித்து வரி வரியாக ஒப்பிட்டான்.

"ரெண்டும் ஒண்ணுதான் மாமா. ஒரு எழுத்து மாறல. ஆனா இங்க பச்ச, அங்க செவப்பு."

இரண்டாவது மாத முடிவில் மேனேஜர் சொல்லிவிட்டார். இன்னொரு மாதம் இப்படிச் சிவப்பு விழுந்தால் சரக்கு வேறு ஷெட்டுக்குப் போய்விடும்.

நான் மெஷின்காரன். ஒரே வரைபடம், ஒரே டூல், ஒரே லேத். பீஸ் மட்டும் மாறி வந்தால் கோளாறு அதை ஓட்டுகிற ஆளிடம்தான் என்று இருபது வருஷ ஷிஃப்டில் கற்றுக்கொண்டவன். அப்படியே யோசித்தேன். என் மெஷினில் நாங்கள் ஏற்றுவது ஷெட்டிலிருந்து லோடு புறப்பட்ட தேதி. பெங்களூருக்குப் போவது கம்பெனி கேட்டுக்குள் லோடு நுழைந்த தேதி. அதை ஓசூர் ஸ்டோர் குமாஸ்தா ஏற்றுகிறார். இரண்டுக்கும் நடுவில் நான்கு மைல் ரோடு இருக்கிறது. அந்த ரோட்டில் ஒரே ஓர் ஆள்தான் போகிறான்.

"ஸ்டோர்ல என்னா தேதி ஏத்தியிருக்காங்கன்னு நான் போயி பாத்துட்டு வரட்டா மாமா?" என்று கேட்டான் மச்சினன்.

"வேணாம். நம்ம வூட்டு அழுக்க அங்க போயி அலச வேணாம். நான் பாத்துக்கறன்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை, டீ நேரம். எட்டு லேத்தும் நின்றிருந்தது. எல்லாரும் டம்ளரோடு இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

"சனிக்கெழம லோட எங்க நிறுத்தற பாய்?"

"எங்கயும் நிறுத்தறதில்ல மேஸ்திரி. நேரா கம்பெனி கேட்டுதான்."

"அப்பறம் எப்பிடி பெங்களூர்ல ஒரு நாள் லேட்டுன்னு வருது? எட்டு லோடு வந்துருச்சு. எட்டும் உம் பேருல."

பாய் டம்ளரைக் கீழே வைத்தான். டெம்போவுக்குப் போய் சலான் கட்டை எடுத்து வந்து என் முன்னால் நீட்டினான். "கேட்டுல தேதி போட்டு சீல் குத்தறாங்க இல்ல? நீயே பாரு."

நான் அந்தக் கட்டை வாங்கவில்லை. எனக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. ஷெட் ஆரம்பித்த புதிதில் நானே தாமதமாகச் சரக்கு கொண்டுபோயிருக்கிறேன். மறுநாள் காலையில் கேட்டில் இருக்கிற வாட்ச்மேனுக்குப் பீடிக்கட்டு வாங்கிக் கொடுத்து, முந்தின நாள் தேதியில் சீல் குத்தி வாங்கியிருக்கிறேன். முதலில் பாயைத்தான் அனுப்பப் பார்த்தேன். "லேட்டுன்னா லேட்டுன்னு சொல்லிட்டுப் போலாம். சீலுக்கு எதுக்கு பொய்யி?" என்று மறுத்துவிட்டான். அதனால்தான் நானே போனேன்.

அப்படிப்பட்டவனைப் பார்த்துச் சொன்னேன். "சீலு எப்பிடி வாங்கறதுன்னு எனக்குத் தெரியாதா? நானே வாங்கினவன்தான்."

 ஒரு லேத்காரன் மட்டும், "மேஸ்திரி, பாய் அப்பிடி..." என்று ஆரம்பித்தான்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாடா? நானே பக்கத்துல ஒக்காந்து சரி பாத்தது!"

பாய் சலான் கட்டைக் கம்ப்யூட்டர் அறை வாசலில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தான். அதன்மேல் டெம்போ சாவியை வைத்தான்.

"இன்னிக்கு லோட வேற யாரையாச்சும் கொண்டுபோகச் சொல்லுங்க மொதலாளி" என்றான்.

இருபத்துச் சொச்சம் வருஷத்தில் அவன் என்னை முதலாளி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். நடந்தே போனான். நான் கூப்பிடவில்லை. இரண்டு நாளில் தானாக வந்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் வீட்டைக் காலி செய்துகொண்டு, மாமனார் ஊரான போச்சம்பள்ளிக்குப் போய்விட்டான் என்று ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை வந்தது. யாரையும் நம்பாமல் நானே டெம்போவை ஓட்டினேன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கேட்டுக்குள் நுழைந்தேன். வாட்ச்மேன் அன்றைய தேதியில் சீல் குத்தினார். ஸ்டோருக்குள்ளேயே போய், குமாஸ்தா என் கண்ணெதிரில் அதே தேதியை ஏற்றுவதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இனிமேல் பச்சைதான் என்று வீட்டில் சொல்லிவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை மேனேஜர் போன் செய்தார். "இந்த வாரமும் லேட்டு சுவாமி. இந்தத் தடவை உங்க பேரே இருக்கு."

ரிசீவரை வைத்துவிட்டு வந்து அறை வாசலில் உட்கார்ந்தேன். சலான் கட்டு ஒரு வாரமாக அங்கேயேதான் கிடந்தது. யாரும் தொடவில்லை. அவிழ்த்துப் பார்த்தேன். சனி. சனி. சனி. ஒவ்வொரு சீலும் தெளிவாக, கோணாமல் இருந்தது. தேதி அழியாமல் இருக்க, மை காயும் வரை கையில் பிடித்துக்கொண்டு நிற்பவன் அவன்.

மறுநாளே மச்சினனைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறினேன். இந்த முறை அவன் ப்ரோகிராமைக் கொண்டுவரவில்லை. என் மெஷினில் ப்ரோகிராம் தவிர வேறு என்னவெல்லாம் இருக்கிறதோ, அதையெல்லாம் ஒரு நோட்டில் கையால் எழுதி எடுத்து வந்திருந்தான். ஹெட் ஆபீஸில் அந்தப் பெரிய மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தான். நான் திரையைப் பார்த்து "இருக்குது, இருக்குது" என்று சொல்லிக்கொண்டு வந்தேன். பெயர். இருக்குது. விலாசம். இருக்குது. மூன்று வேலை நாள். இருக்குது.

"வார விடுமுறை, வெள்ளி" என்று படித்தான்.

திரையில் ஞாயிறு என்றிருந்தது.

மச்சினன் நோட்டைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். "நான் வெள்ளின்னு எங்கயும் போடவே இல்லயே மாமா. ஷெட் விவரம் ஃப்ளாப்பியில வராது, இங்க தனியா ஞாயிறுன்னுதான் ஏத்தினன். நம்ம மெஷின்ல யாரு மாத்தினது?"

 அதற்குள் அவனே நோட்டின் பின்பக்கத்தில் கிழமைகளை எழுதிக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். செவ்வாய்க்கிழமை எடுத்த சரக்குக்கு எங்கள் மெஷின் புதன், வியாழன், சனி என்று மூன்று நாள் எண்ணியது. இந்த மெஷினுக்கு வெள்ளிக்கிழமையும் வேலை நாள். புதன், வியாழன், வெள்ளி. அதோடு கெடு முடிந்தது. சனிக்கிழமை வந்தால் ஒரு நாள் தாமதம். சனிக்கிழமை எடுத்ததற்கு இது ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு எண்ணியதால், செவ்வாய்க்கிழமை கொண்டுபோனது ஒரு நாள் முன்னதாகப் போய்விட்டது. அவ்வளவுதான்.

"நான்தான் மாத்தினன்" என்றேன். "நீ சாப்பிடப் போனப்ப."

அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "சொல்லியிருந்தா இங்கயும் மாத்தியிருப்பனே மாமா" என்று மட்டும் சொன்னான்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "அஷ்டேனா சுவாமி?" என்று சிரித்தார். இவ்வளவுதானா என்கிறார். தானே இரண்டு தட்டு தட்டி வெள்ளி என்று மாற்றினார். இனிமேல் வருவதெல்லாம் சரியாக வரும் என்றார்.

"பழசு?" என்று கேட்டேன்.

"பழசு இருந்துட்டுப் போகட்டும். யார் பாக்கப்போறாங்க?"

எனக்குக் கன்னடமும் தெரியும், தெலுங்கும் தெரியும். கையெழுத்து மட்டும்தான் கோணலாக வரும், பேச்சு கோணாது. மூன்று பாஷையிலும் சொன்னேன். அந்த ஆளின் பெயருக்கு நேரே இருக்கிற எட்டுச் சிவப்பும் பச்சையாக மாறாமல் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை என்று. மச்சினன் சாயங்காலம் வரை உட்கார்ந்து பழைய கணக்கையெல்லாம் மறுபடி ஓட்டிப் பச்சையாக்கினான். அதை அச்சடித்து வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் வரும்போது ஒன்று தோன்றியது. என் மேஜையில் இருந்த மெஷின் இரண்டு மாதமாகப் பாய் பக்கம்தான் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. வாராவாரம் பச்சை. அதை வெறும் ட்ரயல் பீஸ் என்று தள்ளிவிட்டு, பெங்களூரில் இருப்பதுதான் நிஜம் என்று நம்பினேன். பெரிய ஊர், பெரிய மெஷின், ஏசி ரூம். படிக்காதவனுக்கு உள்ளே ஒரு பயம் எப்போதும் இருக்கும். நான் அதை வாய்ச்சவடாலில் மூடிவைத்துத்தான் காலம் தள்ளினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை போச்சம்பள்ளிக்குப் போனேன். எனக்கு லீவு, அவனுக்கும் லீவாக இருக்கும் என்று என்னவோ நினைப்பு. வீட்டில் இல்லை. அந்தப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லோடிங் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான், இரண்டாவது ஷிஃப்ட், கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பான் என்றார்கள். பஸ் நிற்கிற இடத்தில் காக்கிச் சட்டையோடு நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். என் விரல் செய்த வேலையையும் மறைக்காமல் சொன்னேன். அச்சடித்த காகிதத்தை நீட்டினேன். "பாரு பாய். எல்லாம் பச்சையாக்கிட்டன்."

வாங்கிப் பார்த்தான். ஹெட் ஆபீஸ் பிரிண்டரிலும் ஒரே ஒரு ரிப்பன்தான். எல்லா எழுத்தும் கறுப்பாகத்தான் இருந்தது.

"இதுல பச்ச எது மொதலாளி?" என்று கேட்டான். கிண்டலா, நிஜமாகவே கேட்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை.

"திரையில பச்சடா. நான் என் கண்ணால பாத்தன். வந்துரு பாய். டெம்போ சாவி உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்குது."

அவன் டீயைக் குடித்து முடித்தான். "தப்பு மெஷின்லதான்னு தெரிஞ்சதும் வந்த. சரி. தெரியாமயே போயிருந்தா?"

  தெரியாமலே போயிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன். அது அவனுக்கும் தெரியும்.

பஸ் தூரத்தில் தெரிந்தது. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "வூட்ல பசங்ககிட்ட காட்டறன். ஏன் வேலைய வுட்டுட்டு வந்தன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சுங்க."

மற்றவர்கள் ஏறத் தொடங்கினார்கள். அவன் ஒரு காலைப் படியில் வைத்தபடி திரும்பினான்.

"நம்ம லைன்ல இன்னும் வெள்ளிக்கெழமதான் கரண்ட் கட்டா?"

"ஆமா பாய். உன் லீவு அப்பிடியேதான் இருக்குது."

"இங்க ஞாயித்துக்கெழமதான் லீவு" என்றான். "பகல் ஷிஃப்ட்டு வர்ற வாரத்துல ஜும்மாவுக்குப் போகணும்னா சூபர்வைசர்கிட்ட ஒரு மணி நேரம் கேக்கணும். கேட்டா குடுத்துடறாங்க. நின்னு கேக்கணும், அதான்."

உள்ளே போய் அந்தப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான். பஸ் திரும்பும்போது அவன் தலை மட்டும்தான் தெரிந்தது.